சைக்கிள் ஷெட் டீச்சர்

ஜன்னலோரம் நீங்களே இருங்கம்மா, எனக்கு அந்தப் பக்கத்து வெயில் ஆகாது. திருநெல்வேலிதானே? நானும் அங்கதான் இறங்கணும். ரிட்டயர் ஆனப்புறம் பாளையங்கோட்டைக்கு வந்துட்டேன். இல்லம்மா, அழுகல. கண்ணு ஆபரேஷன் பண்ணி மூணு மாசம்தான் ஆகுது, காத்துப் பட்டா தண்ணி வரும்.

ஒரு படத்திறப்புக்குப் போயிட்டு வாரேன். கூட வேலை பார்த்த டீச்சர். செல்லக்கனின்னு பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? ரொம்ப நல்லது. அவளைத் தெரியாத ஒரு ஆளைப் பார்த்ததே ஆறுதலா இருக்கு. காலையிலேர்ந்து ஆளாளுக்கு "செல்லக்கனி டீச்சர் மாதிரி வருமா, செல்லக்கனி டீச்சர் மாதிரி வருமா"ன்னு சொல்லிச் சொல்லி எனக்குக் காதே வலிச்சுப் போச்சு. நல்லவதான். நல்லவ இல்லைன்னு யார் சொன்னா? எனக்கு அவ மேல பொறாமைன்னு என் மகளே சொல்றா. பொறாமைப்பட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ். யுனிவர்சிட்டியில மூணாவது ரேங்க். அவ பாலிடெக்னிக் டிப்ளமோ.

நாங்க வேலை பார்த்தது சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நான் சேர்ந்து ஆறாவது வருஷம் அவ வந்தா. மெலிஞ்ச உருவம், நூல் சேலை, கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதுவரைக்கும் எங்க ஸ்கூல்ல தொழிற்பிரிவுன்னா தையல்தான். இவ வந்ததும் ஹெச்.எம். கிட்டப் போய், "பொம்பளப் பிள்ளைகளுக்கு மோட்டார் காயில் கட்டச் சொல்லித்தாரேன்"னு நிக்கிறா. ஸ்டாஃப் ரூமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காம இருந்தா நல்லா இருக்குமா?

அவ சொன்ன காரணம் இதுதான். சுத்துப்பட்டு ஊரெல்லாம் கிணத்துப் பாசனம். கரண்டு ஏறி இறங்குறதுல மோட்டார் மாசத்துக்கு ஒண்ணு எரியும். எரிஞ்ச கம்பியை உருவிட்டுப் புதுக் கம்பி சுத்தணும், அதுதான் காயில் கட்டுறது. டவுனுக்குத் தூக்கிட்டுப் போய், நாலு நாள் காத்துக் கிடக்கணும். அதுக்குள்ள மிளகாய்ச் செடி வாடிப் போகும். "டீச்சர், அந்தந்த ஊர்லயே காயில் கட்டத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருந்தா எப்படி இருக்கும்?"னு கேட்பா. கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா யாரு அனுமதி தருவா? அவ அலைஞ்சா. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா. மெட்ராஸுக்கு முன்பதிவு இல்லாத பெட்டியில உக்காந்து போவா, ரெண்டு நாள் கழிச்சு அதே சேலையோட வந்து நேரா வகுப்புக்குப் போவா. ரெண்டு வருஷம் இப்படி. கடைசியில அனுமதி வந்துருச்சு. இடம் கிடையாது. என் லேபுக்குப் பின்னாடி பழைய சைக்கிள் ஷெட் ஒண்ணு கிடந்துது. அதைக் கேட்டு வாங்கி, தானே கூட்டி, தானே சுண்ணாம்பு அடிச்சா.

இங்க ஒண்ணு சொல்லணும். அந்த ஸ்கூல்ல பிசிக்ஸ்னா நான்தான். நான் வராந்தாவுல நடந்து வந்தா பிள்ளைங்க சுவரோட ஒட்டி நிப்பாங்க. பதினாலு வருஷம் நூத்துக்கு நூறு ரிசல்ட். ஒரு பிள்ளை ஃபெயில் கிடையாது. அப்படிப்பட்டவளை ஸ்கூல் கேட்டுல வந்து யாராவது ஒரு ஆள் தேடியிருப்பாங்களா? ஒரு ஆள் கிடையாது. ஆனா அவளை? காலையில பிரேயர் முடியறதுக்குள்ள மொபெட்ல மோட்டாரைக் கட்டிக்கிட்டு வேட்டி கட்டுன ஆளுங்க வந்து நிப்பாங்க. "செல்லக்கனி டீச்சர் இருக்காகளா?" வாட்ச்மேன் பாவம், அவனுக்கு அதைச் சொல்றதே வேலை. பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற இடத்துல இதென்ன நடமாட்டம்னு நான் ஒருதரம் மீட்டிங்கில கேட்டேன். அதுக்கப்புறம் அவளே கேட்டுக்கு வெளியில போய் மோட்டாரை வாங்கிக்கிட்டா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காது. எதிர்த்துப் பேசினா நாமளும் பேசலாம்ல.

கலெக்டர் வந்த கதையைச் சொல்றேன் கேளுங்க. என் லேபைப் பார்க்க வர்றாருன்னு சொல்லி மூணு நாள் பிள்ளைங்களை வச்சுக் கழுவி வச்சிருந்தேன். ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு சோதனை தயார். கலெக்டர் உள்ள வந்தாரு, "வெரி குட்"னாரு, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாரு. அங்க ஷெட்டுல பிள்ளைங்க தரையில உக்காந்து கம்பி சுத்திக்கிட்டிருக்குதுங்க. "அது என்ன?"ன்னாரு. போனவரு போனவருதான். நாப்பது நிமிஷம். மாரிச்செல்வின்னு ஒருத்தி, பத்தாம் வகுப்புல ரெண்டு தரம் கணக்குல போனவ, ஒரு காயிலை ஸ்லாட்டுல இறக்கிக்கிட்டே அவருக்கு விளக்கம் சொல்றா. அவரு பேண்டை மடக்கிக்கிட்டுப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து கேட்கிறாரு. நான் வாங்கி வச்ச டீ ஆடை கட்டிப் போச்சு. அந்த மோட்டார் ஏன் சுத்துதுன்னு அவ பிள்ளைங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். ஃப்ளெமிங்கோட இடக்கை விதி. நான் சொல்லியிருப்பேன். கேட்டாத்தானே சொல்றதுக்கு?

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. அந்த ஒரு ஜூன் மாசத்தைப் பத்தி.

என் மகள் பிருந்தா. ஒரே பிள்ளை. எங்க ஸ்கூல்லதான் படிச்சா. பத்தாம் வகுப்புல நானூத்தி அறுபத்தெட்டு. ஸ்கூல்ல ரெண்டாவது. நான் அப்ப உதவித் தலைமையாசிரியை, அட்மிஷன் முழுக்க என் பொறுப்பு. பதினொண்ணாம் வகுப்பு ஃபாரத்தையெல்லாம் அடுக்கிக்கிட்டிருக்கேன், நடுவுல என் மகள் கையெழுத்து. பேர் எழுதியிருக்கா, மார்க் எழுதியிருக்கா, பிரிவுங்கிற இடத்துல "தொழிற்பிரிவு, மோட்டார் வைண்டிங்"னு எழுதியிருக்கா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மார்க் வராத பிள்ளைங்களை நான்தானே அங்க அனுப்பிக்கிட்டிருந்தேன்! "உனக்கு வேற எதுவும் கிடைக்காது, சைக்கிள் ஷெட்டுக்குப் போ"ன்னு என் வாயாலதானே சொல்லிக்கிட்டிருந்தேன்! செல்லக்கனி அதுக்கும் ஒரு தடவை வந்து நின்னா. "மார்க் இல்லாத பிள்ளைன்னு அனுப்பாதீங்க டீச்சர். ஆசை இருக்கிற பிள்ளைன்னு அனுப்புங்க. தண்டனை மாதிரி உள்ள வர்ற பிள்ளைக்குக் கை நடுங்குது"ன்னா. இப்ப ஆசை இருக்கிற பிள்ளை என் வீட்டுலயே இருக்கு.

நாலு நாள் வீட்டுல போராட்டம். திட்டுனேன், அடிச்சேன்கூட. அவங்க அப்பா கெஞ்சினாரு. பிருந்தா சாப்பிடாம உக்காந்திருக்கா. "எத்தனை நாளா இந்தப் புத்தி?"ன்னா, ஒன்பதாம் வகுப்புலேர்ந்து சாயங்காலம் எனக்காகக் காத்திருக்கிற நேரமெல்லாம் ஷெட்டுலதான் இருந்திருக்கா. நான் லேப்ல நோட்டுத் திருத்திக்கிட்டிருந்தேன், பின்சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை காயில் கட்டிக்கிட்டிருந்திருக்கா. வார்னிஷ் வாடை வருதேன்னு ஒருநாள் கேட்டிருக்கேன். பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு சொல்லியிருக்கா.

அஞ்சாம் நாள் நேரா ஷெட்டுக்குப் போனேன். அவ தரையில உக்காந்து எரிஞ்சுபோன கம்பியை உருவிக்கிட்டிருந்தா.

"என் பிள்ளையை என்ன சொல்லி மயக்கி வச்சிருக்கே?"ன்னு கேட்டேன்.

எழுந்து கையைத் துடைச்சா. "நான் ஒண்ணும் சொல்லலை டீச்சர். அவளா வந்தா. நல்ல கை அவளுக்கு."

"உன் பிரிவுக்கு ஒரு நல்ல மார்க் பிள்ளை வேணும். பேப்பர்ல போட்டுக்க. அதுக்கு என் பிள்ளைதானா கிடைச்சா?"

அவ முகம் சிறுத்துப் போச்சு, அது எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம், "அவளை இங்க அனுப்புங்க. நான் பேசுதேன்"னா. அவ்வளவுதான். பிருந்தா போனா. பத்து நிமிஷம் இருக்குமா? திரும்பி வந்தா, என் மேஜையில அந்த ஃபாரத்தை எடுத்தா, அடிச்சுட்டு "முதல் பிரிவு"ன்னு எழுதினா. "போதுமாம்மா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும்ல? நான் நெனச்சது நடந்துருச்சே. ஆனா அன்னைக்கு ராத்திரிச் சோறு இறங்கல எனக்கு. நான் நாலு நாள் கத்துனேன், பெத்தவ நான். என் பேச்சுக்கு அசையாத பிள்ளை, அவ பேசின பத்து நிமிஷத்துல மாறி வருது. என்ன சொன்னான்னு கேட்டா பிருந்தா வாயைத் திறக்கல. வருஷக்கணக்காக் கேட்டிருக்கேன், வாயைத் திறக்கல. யோசிச்சுப் பாருங்கம்மா. உங்க பிள்ளையை இன்னொருத்தி உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தா, அதை வாங்கிக்கிறது எப்படி இருக்கும்?

அதுக்கும் அப்புறம் நடந்ததுக்கும் சம்பந்தம் கிடையாது. எல்லாரும் சம்பந்தம் இருக்குங்கிற மாதிரிப் பார்ப்பாங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன்.

அட்மிஷனுக்கு வர்ற தாய் தகப்பன்கிட்ட நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். "பொம்பளப் பிள்ளை மோட்டார் பிரிச்சுக் கத்துக்கிட்டு என்ன செய்யப் போகுது? கல்யாணம் பண்ணப் போற இடத்துல கேட்பாங்கல்ல?" இது ஒரு தப்பா? அக்கறையாத்தான் சொன்னேன். அந்த வருஷம் அவ பிரிவுக்கு ஒன்பது பேர்தான் சேர்ந்தாங்க. பிள்ளைங்க குறைஞ்சா பிரிவை மூடிடலாம்னு அப்ப கல்வி ஆபீஸ்ல கணக்கெடுத்துக்கிட்டிருந்தாங்க. ஹெச்.எம். மெடிக்கல் லீவுல இருந்தாங்க. கடிதம் நான்தான் எழுதணும். எழுதினேன். "மாணவியரிடையே ஆர்வம் இல்லை, சேர்க்கை ஒன்பது." பொய் ஒண்ணும் இல்லையே. ஒன்பதுதானே? தேதி போட மறந்துட்டேன். அவசரத்துல மறக்கிறதுதான்.

செல்லக்கனிக்கு நம்பர் மட்டும்தான் தெரியும், கடிதம் தெரியாது. அவ என்ன செஞ்சா தெரியுமா? மாரிச்செல்வியைக் கூட்டிக்கிட்டா. அவ அப்ப அவங்க ஊர்ல சொந்தமா வைண்டிங் கடை வச்சிருந்தா. ரெண்டு பேரும் ஒரு மொபெட்ல, நடுவுல ஒரு மோட்டாரை வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. கிணத்து மேட்டுல, பால் ஊத்துற இடத்துல, நூறு நாள் வேலை நடக்கிற கம்மாக்கரையில, எங்கெல்லாம் பொம்பளைங்க கூடுவாங்களோ அங்க மோட்டாரை இறக்கி வச்சுப் பிரிச்சுக் காட்டுனாங்களாம். "உங்க மக இதைச் செய்வா"ன்னு சொன்னாங்களாம். பதினோரு நாள். அக்னி வெயில் போயும் வெயில் குறையாத வருஷம் அது. திரும்பி வரும்போது அவ முகம் தோல் உரிஞ்சு கிடந்துது. பழைய ஒன்பதோட சேர்த்து முப்பத்தோரு பிள்ளைங்க பேர் எழுதின நோட்டு கையில இருந்துது.

அதே வாரம் ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்துருச்சு. பிரிவை மூடு, ஆசிரியையை வேற ஊருக்கு மாத்து. உத்தரவோட என் கடிதத்து நகலும் இருந்துது.

அவ என் ரூமுக்கு வந்தா. நான் சண்டைக்குத் தயாராத்தான் உக்காந்திருந்தேன். என்னென்ன சொல்லணும்னு வரிசையா வச்சிருந்தேன். விதி, சுற்றறிக்கை, எல்லாம். வெளியில வராந்தாவுல அந்தப் பிள்ளைங்களும் தாய்மாரும் உக்காந்திருக்காங்க. அவ கதவைச் சாத்திட்டு வந்து எதுக்க நின்னா. உக்காருன்னு நான் சொல்லல.

"டீச்சர், இந்தக் கடிதத்துல தேதி இல்ல"ன்னா.

"அதனால என்ன?"

"இன்னைக்கு ஒரு கடிதம் குடுங்க. இன்ன தேதிக்கு ஒன்பது, இன்னைக்குத் தேதிக்கு முப்பத்தொண்ணுன்னு எழுதுங்க. ரெண்டும் உண்மைதானே. உங்க பேருக்கும் ஒண்ணும் வராது."

"நான் எழுதலைன்னா?"

அப்பத்தான் அவ கண்ணுல தண்ணியைப் பார்த்தேன், இத்தனை வருஷத்துல அந்த ஒரு தடவை. "என்னை எந்த ஊருக்கு வேணா அனுப்பச் சொல்லுங்க டீச்சர். நான் போறேன். இந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துருக்கேன். வீட்டு வாசல்ல வச்சுக் குடுத்துருக்கேன். இதுல பாதிப் பேரு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கிட்டிருந்த பிள்ளைக. திரும்ப அங்க போயிருவாக."

என்னைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை? இல்ல. பிருந்தா விஷயத்தைச் சொல்லி, நான் உனக்குச் செஞ்சேனே, நீ எனக்குச் செய்யின்னு ஒரு வார்த்தை? அதுவும் இல்ல. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். கேட்காததால எழுத வேண்டியதாப் போச்சு. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, தேதியும் போட்டுக் கொடுத்தேன். "நல்லா இருப்பீங்க டீச்சர்"னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போனா.

அன்னைக்கே மெட்ராஸுக்கு ரயில் ஏறினா. போறதும் வாரதுமா மூணு தடவை. ஒரு மாசம் அந்தப் பிள்ளைங்களுக்கு வருகைப் பதிவேடே கிடையாது. ஷெட்டுல உக்காந்து மாரிச்செல்விகிட்டப் பாடம் படிச்சாங்க. உத்தரவு ரத்தாச்சு. பேப்பர்ல போட்டோ வந்துது. நடுவுல அவ, சுத்தி முப்பத்தோரு பிள்ளைங்க. நான் ரெண்டு தடவை தேடிப் பார்த்தேன். என் பேரு ஒரு இடத்துல இல்ல. என் கையெழுத்து இல்லாம அந்த உத்தரவு வந்திருக்குமா? யாராவது ஒருத்தர் சொன்னாங்களா?

அப்புறம் வருஷங்கள் போச்சு. ஊர் ஊருக்கு அவ பிள்ளைங்க கடை வச்சாங்க. சில பேர் கம்பெனிக்குப் போனாங்க, சில பேர் மேல படிச்சாங்க. தொழிற்பிரிவுல படிச்ச பிள்ளைக்கும் காலேஜ்ல இடம் வேணும், டீச்சர்களை நிரந்தரமாக்கணும்னு அவ மனு எழுதிக்கிட்டே இருந்தா. ரிட்டயர் ஆன நாள்லகூட ஒரு மனுவோடதான் வந்தா. போன மாசம் மூச்சு முட்டி, ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. முடிஞ்சு போச்சு. கல்யாணம் காட்சி கிடையாது. தங்கச்சி வீட்டுலதான் இருந்தா.

என் மகள் இப்போ பூனாவுல இருக்கா. என்ன வேலை தெரியுமா? மோட்டார் டிசைன் பண்ற கம்பெனி. எல்லாம் நான் நடத்துன பிசிக்ஸ். எனக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னப்போ லீவு கிடைக்கலைன்னா. இன்னைக்குக் கூட்டத்துக்கு? மதுரை வரைக்கும் விமானம், அங்கேர்ந்து கார், நேரா அந்தத் தங்கச்சி வீடு. என்னை மண்டபத்துலதான் பார்த்தா. அஞ்சு நாள் லீவாம்.

மேடையில பிருந்தாவைப் பேசக் கூப்பிட்டாங்க. அங்க வச்சுச் சொல்றா, என்கிட்ட இத்தனை வருஷம் சொல்லாததை. அன்னைக்கு ஷெட்டுல செல்லக்கனி அவகிட்ட என்ன சொன்னாளாம்? "உங்க அம்மா பிசிக்ஸ் நடத்துறதை நான் தினமும் இந்தச் சுவருக்குப் பின்னாடி நின்னு கேட்பேன் பிள்ளே. எனக்குப் பாலிடெக்னிக்ல புரியாததெல்லாம் அவுக சொல்லித்தான் புரிஞ்சுது. அதைத்தான் நான் இந்தப் பிள்ளைகளுக்குக் கையால சொல்லித்தாரேன். ரெண்டு வருஷம் அவுககிட்டப் படி. மோட்டார் எங்கயும் போயிராது."

மண்டபமே திரும்பி என்னைப் பார்க்குது. கை தட்டுறாங்க.

நீங்க நம்புறீங்களா இதை? எனக்குச் சந்தேகம்தான். பிள்ளையைச் சமாதானம் பண்ண ஏதாவது சொல்லணும், சொல்லியிருப்பா. சுவருக்குப் பின்னாடி நின்னாளாம்! கேட்கணும்னா உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்கார வேண்டியதுதானே? உள்ள வான்னு நான் கூப்பிட்டதில்லதான். கூப்பிடணும்னு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "டீச்சர், இன்னைக்கு நல்லா நடத்துனீங்க"ன்னு சொல்லியிருக்கலாம்ல? இருபத்து நாலு வருஷம் பக்கத்துல இருந்தா. பதினாலு வருஷம் நூத்துக்கு நூறு எடுத்துக் கொடுத்தேன், அதை ஒருத்தர் எனக்குச் சொன்னதில்ல. அவளும் சொல்லாமலே போயிட்டா. இதுலயும் அவ பேருதான் பெருசு. என்னைப் பாராட்டுனதுக்கும் அவளைத்தான் பாராட்டுறாங்க.

பிருந்தா ராத்திரி அங்கயே தங்குறா. ஷெட்டை மாரிச்செல்விதான் இப்ப பார்த்துக்கிறா, அதுல ஏதோ புது மெஷின் வாங்கிப் போடணும்னு பேச்சு. "நீயும் இரும்மா"ன்னா. எனக்கு எதுக்கு? பஸ் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி, படத்துக்குப் பூப்போடுற வரிசை ரோடு வரைக்கும் நின்னுது. நானும் நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு வயசாளி. வெள்ளை வேட்டி, மேல் துண்டு, ஒரு பட்டிக்காட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தாராம். அவரு கிணத்து மோட்டாரைச் செல்லக்கனி ஒருதரம் கட்டிக் கொடுத்திருக்கா, மறுதரம் அவரு பேத்தியே கட்டியிருக்கா. அதைச் சொல்லிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாரு.

"நீங்க டீச்சருக்கு என்ன வேணும்மா?"

"கூட வேலை பார்த்தேன்"னேன்.

"எம்புட்டு வருசம்?"

"இருபத்து நாலு."

அந்த மனுஷன் வாயை மூடல. என்னை மேலயும் கீழயும் பார்க்கிறாரு. "இருபத்து நாலு வருசமா! தினமுமா? பக்கத்துலயேவா?"ன்னாரு. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுச் சொல்றாரு, "குடுத்து வச்சவகம்மா நீங்க. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லையே"ன்னு.

நான் இத்தனை வயசு வரைக்கும் பார்த்ததில்லம்மா, ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டு. இன்னைக்குப் பட்டாரு அந்தப் பெரியவர். நல்லாத் தெரிஞ்சுது. எதுக்குன்னு பாருங்க. என் ரேங்குக்கா? என் நூத்துக்கு நூறுக்கா?

ஆமான்னு சொன்னேன். குடுத்து வச்சவதான்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த மனுஷன்கிட்ட. வரிசை நகர்ந்துது. அவரு தள்ளி நின்னு, "நீங்க முன்னாடி போங்கம்மா"ன்னு எனக்கு வழி விட்டாரு. நான் போனேன்.